ஃப்யூஷன் புரோட்டீன் இருக்கிற லுக்கீமியா செல் ஏன் ரத்தத்தை விட்டு திசுக்குள்ள நுழையுது?

கேள்வி: மஜ்ஜைத்தேடல்

எல்லாருக்கும் வணக்கம். எங்க டிபார்ட்மென்ட் ஜர்னல் கிளப்ல அடுத்து என் முறை. எம்எல்எல்-ஏஎஃப்9 ஃப்யூஷன் (ரெண்டு ஜீன் உடைஞ்சு ஒட்டி அதுல இருந்து வர கலப்பு புரோட்டீன்) பத்தி 2016ல கேன்சர் செல் ஜர்னல்ல வந்த பேப்பரை எடுத்திருக்கேன், எலியில ஸ்டெம் செல்லுக்குள்ள அந்த ஃப்யூஷனை ஆன் பண்ணா ரொம்ப மூர்க்கமா திசுக்களுக்குள்ள ஊடுருவற ஏஎம்எல் (அக்யூட் மைலாய்டு லுக்கீமியா) வருதுன்னு காட்டின பேப்பர். படிக்க படிக்க ஆர்வம் கூடிட்டே போகுது, ஆனா அடிப்படையிலேயே மூணு எடம் பிடிபட மாட்டேங்குது.

கார்சினோமான்னா எனக்கு படம் தெளிவா இருக்கு. ஒரு எடத்துல ஒட்டிக்கிட்டு இருந்த செல் அங்கிருந்து பிச்சுக்கிட்டு, பேஸ்மென்ட் மெம்பிரேனை அறுத்துட்டு பக்கத்து திசுக்குள்ள போகுது. ஆனா வெள்ளணுக்கள் இயல்பாவே மஜ்ஜையில பிறந்து ரத்தத்துல சுத்தி திசுக்குள்ள எறங்கறவைதானே, அப்ப லுக்கீமியா செல் அதையே செஞ்சா அதுல புதுசா ஃப்யூஷன் புரோட்டீன் என்ன சேர்த்துது? ரெண்டாவது, பிசிஆர்-ஏபிஎல் ஒரு கைனேஸ் (மத்த புரோட்டீன்ல பாஸ்பேட் ஒட்டி சிக்னல் அனுப்பற என்சைம்), சைட்டோபிளாசத்துல இருக்கு, அது செல்லோட அசைவை மாத்துதுன்னா நம்ப முடியுது, ஆனா எம்எல்எல்-ஏஎஃப்9, ஏஎம்எல்1-ஈடிஓ எல்லாம் நியூக்ளியஸ்ல டிஎன்ஏ மேல உட்கார்ந்திருக்கறவை, அவை எப்படி செல்லோட தோல்ல இருக்கற இன்டெக்ரின்ங்கற ஒட்டும் புரோட்டீன் வரைக்கும் கை நீட்டுது? மூணாவது, இந்த பேப்பர்ல இஎம்டி ஜீன்கள்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க. எபிதீலியல் செல் மீசென்கைமல் செல்லா மாறறதுதான் இஎம்டி, ரத்த செல் எப்பவுமே எபிதீலியலா இருந்ததே இல்லையே, அப்புறம் அங்க எது எதுவா மாறுது?

இதை வச்சு ஒரு சின்ன புராஜெக்டும் பண்ணலாம்னு யோசனை இருக்கு, எந்த செல் லைன் எடுக்கலாம்னும் சொன்னா உதவியா இருக்கும். சீனியர்ஸ் யாராச்சும் பொறுமையா விளக்குங்க ப்ளீஸ்.

பதில் 1: ஆக்டின்இழை

நல்ல பேப்பர் எடுத்திருக்கீங்க. முதல் கேள்வியில இருந்தே வரேன், அது தெளிஞ்சா மத்ததுல பாதி தானா தீர்ந்துடும்.

ஊடுருவற திறமையை ஃப்யூஷன் புரோட்டீன் புதுசா உண்டாக்கல. அது ரத்த செல்கிட்ட ஏற்கனவே இருக்கு, கூடவே அதுக்கான கட்டுப்பாடும் இருக்கு. ஒரு நியூட்ரோஃபில் திசுக்குள்ள போகணும்னா மொதல்ல மஜ்ஜையில முதிரணும், அதை அங்க பிடிச்சு வச்சிருக்கற சிஎக்ஸ்சிஆர்4 ரிசெப்டர் குறையணும், அப்பதான் ரத்தத்துக்கு வரும், அப்புறம் அழற்சி நடக்கற எடத்துல ரத்தக்குழாய் சுவர் செலக்டின்ங்கற ஒட்டும் புரோட்டீனை வெளிய காட்டணும், அதுல உருண்டு வேகம் குறைஞ்சு, இன்டெக்ரினை இறுக்கி நின்னு, ரெண்டு எண்டோதீலியல் செல்லுக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு போய், வேலையை முடிச்சு, கொஞ்ச காலத்துல செத்துடணும். லுக்கீமியாவுல இந்த வரிசை சிதறுது. முதிராத செல் கெளம்புது, யாரும் கூப்பிடாமலே எறங்குது, எறங்கின எடத்துல சாகாம பெருகுது. கடைசியா சொன்னதை நிறைய பேர் கணக்குலயே எடுக்கறதில்லை. மைக்ரேஷன் கூடிருக்கான்னு மட்டும் பாப்பாங்க, ஆனா தோல்லயோ மூளை உறையிலயோ போய் அங்க சாப்பாடும் வளர்ச்சி சிக்னலும் குறைவா இருக்கற சூழல்ல தாக்குப்பிடிக்கறதுதான் பாதி இன்வேஷன்.

இப்ப பிசிஆர்-ஏபிஎல். 1960ல நோவெல், ஹங்கர்ஃபோர்டு ரெண்டு பேரும் சிஎம்எல் (க்ரானிக் மைலாய்டு லுக்கீமியா) நோயாளிகளோட செல்கள்ல ஒரு குட்டை குரோமோசோமை பாத்தாங்க, 1973ல ஜேனட் ரௌலி அது 9க்கும் 22க்கும் நடுவுல நடந்த இடமாற்றம்னு காட்டினாங்க. அந்த இடமாற்றத்துல உருவாகற புரோட்டீன் எப்பவும் ஆன்ல இருக்கற ஒரு டைரோசின் கைனேஸ். இது அசைவை எப்படி மாத்துதுன்னு பாத்தா முதல்ல எதிர்பார்க்காத ஒண்ணு வரும், அது ஒட்டறதை கெடுக்குது. சிஎம்எல் ப்ரொஜெனிட்டர் செல்கள் மஜ்ஜை ஸ்ட்ரோமாவுலயும் (தாங்கு திசு) ஃபைப்ரோனெக்டின்லயும் (செல் ஒட்டிக்கற மேட்ரிக்ஸ் புரோட்டீன்) சரியா ஒட்டறதில்லைன்னு 1980கள்லயே தெரிஞ்சுடுச்சு. இத்தனைக்கும் பீட்டா1 இன்டெக்ரின் மேற்பரப்புல இருக்கு, ஆனா வேலை செய்யல. ஒட்டினா பெருக்கத்தை நிறுத்துன்னு ஸ்ட்ரோமாவுல இருந்து வர சிக்னலும் அதோட சேர்ந்து போயிடுது. கயிறு அவுந்த படகு மாதிரி முதிராத செல்கள் ரத்தத்துக்கு வந்துடுது, மண்ணீரல்ல போய் தங்குது. சிஎம்எல்ல மண்ணீரல் அவ்வளவு பெருசா வீங்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். கூடவே சிஎம்எல் ஸ்டெம் செல்கள் சிடி26ங்கற என்சைமை மேற்பரப்புல வச்சிருக்கு, அது மஜ்ஜையில செல்லை பிடிச்சு வைக்கற சிஎக்ஸ்சிஎல்12 கீமோகைனையே வெட்டிடும்.

இன்னொரு பக்கம் அந்த கைனேஸ் ஆக்டினை (செல்லை அசைய வைக்கற உள் இழை) நேரடியா கிளறி விடுது. பிசிஆர்-ஏபிஎல் உள்ள செல்லை வீடியோவுல பாத்தீங்கன்னா மெம்பிரேன் அலை அலையா அசைஞ்சுட்டே இருக்கும், சும்மா இருக்கும்போதே நகர்ந்துட்டே இருக்கும். சார்க் கைனேஸ்கள், ராக், சிடிசி42, ஏபிஐ1 எல்லாம் இதுல வருது. ஏபிஐ1 வழியா எம்டி1-எம்எம்பிங்கற புரோட்டியேஸ் செல்லோட ஒரு பக்கமா குவியறதையும், அதைக் குறைச்சா நகர்வு குறையறதையும் காட்டிருக்காங்க. மேட்ரிக்ஸை அறுக்கற கத்தி எந்தப் பக்கம் நிக்கணும்ங்கறதையே இந்த ஃப்யூஷன் முடிவு பண்ணுதுங்கறது எனக்கு இன்னைக்கும் வியப்பா இருக்கு. அதுலயும் பி210 வடிவத்துல பிசிஆர் பக்கத்துல இருந்து வர ஒரு துண்டு ரோ குடும்ப ஜிடிபேஸ்களை தானே ஆன் பண்ணும், பி190ல அந்த துண்டே கிடையாது, அதனால ஒரே ஃப்யூஷனோட ரெண்டு நீளங்களும் செல்லை வேற வேற விதமா நகர வைக்குது.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன். எம்எல்எல், இப்ப கேஎம்டி2ஏன்னு சொல்றோம், அதோட முன்பாதி டிஎன்ஏவையும் மெனின்ங்கற கூட்டாளி புரோட்டீனையும் பிடிச்சுக்கும், பின்பாதி போயிட்டு அந்த எடத்துல ஏஎஃப்9, ஏஎஃப்4, ஈஎன்எல் மாதிரி ஒரு பார்ட்னர் வந்து சேரும். 80க்கும் மேல பார்ட்னர்கள் தெரியும். அதிகமா வர பார்ட்னர்கள் எல்லாம் ட்ரான்ஸ்கிரிப்ஷனை நீட்டிக்கற கூட்டணியைச் சேர்ந்தவை, அவை டாட்1எல்ங்கற என்சைமை இழுத்துட்டு வரும், ஜீனை ஆன்ல வைக்கற எச்3கே79 மெத்திலேஷன் ஏறும், அணைய வேண்டிய ஜீன் அணையாம எரிஞ்சுட்டே இருக்கும். ஹாக்ஸ்ஏ9, மெய்ஸ்1 இதுல பிரபலம். ஆனா இந்த ஃப்யூஷன் மெம்பிரேன் வரைக்கும் கை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை, மெம்பிரேன்ல என்ன இருக்கணும்னு எழுதற பட்டியலே இதோட கையில இருக்கு. இன்டெக்ரின், கீமோகைன் ரிசெப்டர், புரோட்டியேஸ் எல்லாம் ஜீன்தானே. தெளிவான உதாரணம் என்ஜி2. இயல்பான ரத்த செல்கள்ல இது கிடையாது, கேஎம்டி2ஏ மாறின லுக்கீமியா செல்கள்ல மேற்பரப்புல தெரியும், நோயறியறதுக்கே அதை பயன்படுத்தறாங்க. கைக்குழந்தைகளுக்கு வர பி-ஏஎல்எல்ல (பி செல் வகை அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா) இந்த என்ஜி2 ஊடுருவலுக்கும் மூளை-தண்டுவட பகுதிக்குள்ள போறதுக்கும் உதவுதுன்னு எலி மாடல்ல காட்டிருக்காங்க.

இஎம்டி பத்தி. பேரு அங்க இருந்து வந்ததால குழப்பம் வருது, செல் எதுவும் எபிதீலியல்ல இருந்து மாறல. ஸெப்1 மாதிரி ட்ரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள் ரத்த செல் உருவாக்கத்துலயும் இயல்பா வேலை பாக்கறவைதான். கார்சினோமாவுல ஒட்டறதை தளர்த்தி, சைட்டோஸ்கெலிட்டனை மாத்தி, மருந்துக்கு அசையாம நிக்கற நிலையை கொண்டு வர அதே ஜீன் தொகுப்பு இங்கயும் எரியுது, அவ்வளவுதான் அர்த்தம். ஸெப்1ஐ குறைச்சப்ப பிளாஸ்ட் (முதிராத லுக்கீமியா) செல்களோட ஊடுருவல் குறைஞ்சதுங்கறது அந்த பேப்பரோட முக்கியமான கண்ணி, ப்ரெசன்டேஷன்ல அந்த படத்துல நேரம் எடுத்து நில்லுங்க.

ஆனா அந்த பேப்பரோட உயிர் வேற எடத்துல இருக்கு. ஒரே ஃப்யூஷனை நீண்டகால ஸ்டெம் செல்லுல ஆன் பண்ணா கல்ச்சர்ல காலனி பரந்து சிதறி வளருது, எலியில அப்படி வந்த ஏஎம்எல்கள்ல ஏறக்குறைய 5ல ஒரு பங்கு ரொம்ப மூர்க்கமா, திசுக்கள் முழுக்க பரவி, கீமோவுக்கும் கட்டுப்படாம இருந்துது. ஈவிஐ1, ஈஆர்ஜிங்கற ஜீன்களோட அளவும் அதோட போகுது. அப்ப ஃப்யூஷன் மட்டும் முடிவு பண்ணல, அது எந்த செல்லுல எரிய ஆரம்பிச்சுதோ அந்த செல்லுல அப்ப திறந்திருந்த ஜீன்களும் சேர்ந்து முடிவு பண்ணுது. நோயாளியோட ரிப்போர்ட்ல டி(9;11)னு (9, 11 குரோமோசோம்கள் இடம் மாறி எம்எல்எல்-ஏஎஃப்9 வந்ததுன்னு அர்த்தம்) ஒரே வரி இருக்கும், அதுக்குள்ள ரெண்டு வேற வேற நோய் இருக்கலாம். இதை விட்டுட்டு எம்எல்எல்-ஏஎஃப்9 ஊடுருவ வைக்குதுன்னு ஒரே வாக்கியத்துல முடிச்சிடாதீங்க.

பதில் 2: வார்டுமருத்துவர்

ஆக்டின்இழை சொன்னதோட நான் நோயாளிகள் பக்கத்துல இருந்து கொஞ்சம் சேர்க்கறேன். ஜர்னல் கிளப்ல இருக்கறவங்களுக்கு முகம் தெரியற மாதிரி இருந்தா விஷயம் நிக்கும்.

எந்த ஃப்யூஷன் எங்க போகும்ங்கறதுல ஒரு ஒழுங்கு இருக்கு, அது தற்செயல் இல்லை. ஒரு வயசுக்கு கீழ வர ஏஎல்எல்ல நாலுல மூணு பேருக்கு கேஎம்டி2ஏ மாற்றம் இருக்கும், அந்த குழந்தைகள் வரும்போதே வெள்ளணு எண்ணிக்கை எக்கச்சக்கமா, கல்லீரல் மண்ணீரல் வீங்கி, சிலருக்கு தோல்ல ஊதா கலந்த கட்டிகளோட வருவாங்க, தண்டுவட நீர்லயும் செல் இருக்கறது மத்த குழந்தைகளை விட அதிகம். பெரியவங்கள்ல மோனோசைட் வகை ஏஎம்எல்ல ஈறு வீங்கி பல்லை மூடற அளவுக்கு வரும். மோனோசைட் இயல்பாவே திசுக்குள்ள போய் மேக்ரோஃபேஜ் ஆகற செல், அதனால அந்த குணம் கூடவே வருது.

டி(8;21), அதாவது ஏஎம்எல்1-ஈடிஓ, இதுல கண் குழி, முதுகெலும்பு பக்கம்லாம் திடக் கட்டியா மைலாய்டு சார்கோமா வரலாம், குறிப்பா சின்ன பசங்களுக்கு. இந்த செல்கள்ல சிடி56 இருக்கறது அதிகம், அது ஒரு ஒட்டும் மூலக்கூறு, மஜ்ஜைக்கு வெளிய கட்டி வரறதோட அதை தொடர்பு படுத்திருக்காங்க. அப்படியும் டி(8;21) கீமோவுக்கு நல்லா கேக்கற வகையிலதான் வருது. அதனால திசுக்குள்ள போகுதுன்னாலே மோசமான லுக்கீமியான்னு ஒரு சமன்பாடு போட்டுடாதீங்க, ரெண்டும் வேற வேற கேள்வி.

ஏஎல்எல்ல டி(1;19), டிசிஎஃப்3-பிபிஎக்ஸ்1, இதுக்கு மூளை-தண்டுவட பகுதியில திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு பல வருஷமா பேசறோம். இந்த ஃப்யூஷன் உள்ள செல்கள்ல மெர்-டிகேங்கற ரிசெப்டர் கைனேஸ் அதிகமா இருக்கு, அது இருக்கற செல்கள் அந்த இடத்துல தூங்கற மாதிரி அடங்கி, மருந்துக்கு தப்பிச்சு கிடக்குதுன்னு 2015ல காட்டினாங்க. ஆக்டின்இழை சொன்ன தாக்குப்பிடிக்கற விஷயத்துக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது, இங்க ஃப்யூஷன் கதவை திறந்து விடறதை விட உள்ள போனவங்களை உயிரோட வைக்கறதுலதான் அதிகம் வேலை செய்யுது.

நான் முக்கியமா சொல்ல வந்தது இன்னொண்ணு. ஃப்யூஷனை மருந்தால அடக்கும்போதும் செல்லோட நடமாட்டம் மாறும். டி(15;17), பிஎம்எல்-ராரா உள்ள அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கீமியாவுல ஏடிஆர்ஏ (வைட்டமின் ஏ வகை மருந்து) இல்ல ஆர்சனிக் ட்ரையாக்சைடு குடுக்கறோம், அடைபட்டிருந்த செல்கள் முதிர ஆரம்பிக்குது, முதிரும்போது இன்டெக்ரினும் கீமோகைனும் ஏறி கும்பலா நுரையீரல்ல போய் எறங்குது. காய்ச்சல், மூச்சுத்திணறல், எடை ஏறறது, எக்ஸ்ரேல வெள்ளை வெள்ளையா. டிஃபரென்ஷியேஷன் சின்ட்ரோம்னு சொல்றது இதைத்தான், நாலுல ஒருத்தர் வரைக்கும் வரலாம், சந்தேகம் வந்த உடனேயே டெக்சாமெத்தசோன் ஆரம்பிக்கணும், உறுதியாகட்டும்னு காத்திருந்தா ஆளை இழந்துடலாம். 2024 நவம்பர்ல அமெரிக்காவுல ஒப்புதல் கிடைச்ச ரெவுமெனிப், கேஎம்டி2ஏ ஃப்யூஷனும் மெனினும் சேர்றதை தடுக்கற மாத்திரை, அதுக்கும் இதே எச்சரிக்கை பெட்டி போட்டு இருக்கு. ரெண்டு முற்றிலும் வேற ஃப்யூஷன், ஆனா பூட்டை திறந்தா செல் முதிர்ந்து திசுக்குள்ள பாயறது ரெண்டுலயும் நடக்குது. முதிர்ச்சியும் நடமாட்டமும் எவ்வளவு பின்னி கிடக்குதுன்னு இதுல இருந்தே பாருங்க.

பதில் 3: ஒருஅம்மா

நடுவுல வந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும், நான் சயின்ஸ் படிச்சவ இல்லை. என் பையனுக்கு ஏஎல்எல், ரிப்போர்ட்ல ஈடிவி6-ரன்எக்ஸ்1 பாசிட்டிவ்னு போட்டிருந்தாங்க, நல்ல வகைனு டாக்டர் சொன்னாரு. தண்டுவட தண்ணியும் எடுத்து பாத்துட்டு சிஎன்எஸ்1, அங்க ஒண்ணும் இல்லைன்னாங்க, ஆனாலும் முதுகுல ஊசி போட்டுட்டே இருக்காங்க. இங்க ஊடுருவுது ஊடுருவுதுன்னு படிச்சதும் வயித்தை கலக்குது. ஒண்ணும் இல்லாத எடத்துக்கு ஏன் ஊசி? இவனுக்கும் அப்படி பரவுமா?

பதில் 4: வார்டுமருத்துவர்

அம்மா, மன்னிப்பெல்லாம் எதுக்கு, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. சிஎன்எஸ்1னா எடுத்த நீர்ல பிளாஸ்ட் செல் எதுவும் தெரியலன்னு அர்த்தம். சிஎன்எஸ்2ன்னா பிளாஸ்ட் இருக்கு ஆனா ஒரு மைக்ரோலிட்டர்ல வெள்ளணு 5க்கு கீழ, சிஎன்எஸ்3ன்னா பிளாஸ்டோட 5 இல்ல அதுக்கு மேல. உங்க பையன் இதுல முதல் நிலை, அது நல்ல சேதி.

ஊசி ஏன்னா, கண்ணுக்கு தெரியலன்னா ஒரு செல் கூட இல்லைன்னு சொல்ல முடியாது. அந்த காலத்துல இந்த பாதுகாப்பு சிகிச்சை இல்லாதப்ப, ரத்தத்துல நோய் முழுசா அடங்கின குழந்தைகள்லயே பாதிக்கு மேல மூளை உறையில திரும்ப வந்துது, அந்த குழந்தைகளுக்கும் ஆரம்பத்துல நீர் சுத்தமாத்தான் இருந்துது. வாய் வழியாவும் நரம்பு வழியாவும் போற மருந்துல பல அந்த எடத்துக்கு போதுமான அளவு போய் சேராது, அதனாலதான் நேரா முதுகு வழியா குடுக்கறாங்க. இவனுக்கு பரவியிருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்லை, பரவ விடக்கூடாதுன்னு செய்யறது. ஒரு ஊசியையும் தள்ளிப் போடாதீங்க. ஈடிவி6-ரன்எக்ஸ்1 குழந்தைகள்ல வர ஏஎல்எல்ல நாலுல ஒண்ணு, நல்லா குணமாகற வகையில ஒண்ணு, உங்க டாக்டர் சொன்னது சரிதான். காய்ச்சல், விடாத தலைவலி, வாந்தி, பார்வை இரட்டையா தெரியறது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே போன் பண்ணிடுங்க.

மஜ்ஜைத்தேடல்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஸ்லைடோட வரிசையையே மாத்தி எழுதிட்டு இருக்கேன், பிசிஆர்-ஏபிஎல் முதல்ல ஒட்டறதை கெடுக்குதுங்கறதை ஆரம்பத்துலயே வைக்கப் போறேன். புராஜெக்ட் பத்தி கேட்டதுக்கு யாராச்சும் சொல்லுங்களேன். கே562, டிஎச்பி-1 ரெண்டையும் ட்ரான்ஸ்வெல்ல (துளை உள்ள சவ்வால மேல, கீழன்னு பிரிச்ச கிணறு) மேட்ரிஜெல் (பேஸ்மென்ட் மெம்பிரேன் மாதிரி ஜெல்) போட்டு, கீழ சிஎக்ஸ்சிஎல்12 வச்சு ஒரு நாள் விட்டு எண்ணலாம்னு நினைச்சேன், ஒண்ணுல பிசிஆர்-ஏபிஎல், இன்னொண்ணுல எம்எல்எல்-ஏஎஃப்9, எது அதிகம் ஊடுருவுதுன்னு ஒப்பிடலாம்ல?

பதில் 5: பைப்பெட்

அப்படி ஒப்பிடாதீங்க, முடிவு எதுவா வந்தாலும் அதுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. கே562 சிஎம்எல் பிளாஸ்ட் கிரைசிஸ்ல இருந்த ஒருத்தரோட நுரையீரல் உறை நீர்ல இருந்து எடுத்தது, சிவப்பணு பக்கம் சாயற குணம் உள்ளது. டிஎச்பி-1 ஒரு வயசு பையனோட மோனோசைட் லுக்கீமியாவுல இருந்து வந்தது, அதுல எம்எல்எல்-ஏஎஃப்9 மட்டும் இல்லை, என்ராஸ் மியூட்டேஷனும் இருக்கு, ராஸ் தனியாவே செல்லை நகர வைக்கும். பி53 ரெண்டுலயுமே வேலை செய்யல. இப்படி ரெண்டு செல் லைனை பக்கத்துல பக்கத்துல வச்சா நீங்க அளக்கறது எரித்ராய்டுக்கும் மோனோசைட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், ஃப்யூஷனுக்கு அதுல எவ்வளவு பங்குன்னு பிரிக்கவே முடியாது. எம்வி4-11 எடுத்தாலும் எஃப்எல்டி3-ஐடிடி இருக்கு, கசுமி-1ல கிட் மியூட்டேஷன் இருக்கு, தனியா ஃப்யூஷனை மட்டும் சுமந்துட்டு இருக்கற சுத்தமான லைன்னு ஒண்ணு கிடைக்காது.

ஒரே லைன்ல ஃப்யூஷனை கூட்டி குறைச்சு பாருங்க. கே562ல இமாட்டினிப் போடலாம், ஆனா இமாட்டினிப் அந்த செல்லை கொல்லும், அதனால அப்பாப்டோசிஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே அசேயை முடிக்கணும், அனெக்சின் போட்டு உயிரோட இருக்கறதை மட்டும் எண்ணணும். ஒரு நாள் விடறதும் நீளம், மேல இருக்கற செல் அதுக்குள்ள ஒரு தடவை பிரிஞ்சுடும், கீழ எறங்கினது பெருகவும் செய்யும், கடைசியில நீங்க எண்ணறது பெருக்கத்தையா நகர்வையான்னு தெரியாது. மேட்ரிஜெல் இல்லாம 5 மைக்ரான் துளையில சில மணி நேரத்துக்குள்ள கீமோடாக்ஸிஸ் முடிச்சுடுங்க, மேட்ரிஜெல் அசே நீளமா போகும்னா தனியா ஒரு பெருக்க கன்ட்ரோல் ஓட விடுங்க. சிஎக்ஸ்சிஎல்12ஐ கீழ மட்டும், மேல மட்டும், ரெண்டு பக்கமும்னு மூணு விதமா வைங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும்போதும் செல் எறங்கிட்டே இருந்தா அது திசை பாத்து போகல, சும்மா கலைஞ்சு திரியுதுன்னு தெரிஞ்சிடும், பிசிஆர்-ஏபிஎல்ல இந்த வித்தியாசம்தான் பதிலே. மேட்ரிஜெல்ல ஜிஎம்6001 மாதிரி ஒரு எம்எம்பி (மேட்ரிக்ஸை அறுக்கற புரோட்டியேஸ்) தடுப்பானும் ஒரு கிணத்துல போடுங்க, அறுத்துட்டு போகுதா நெருக்கிக்கிட்டு போகுதான்னு அதை வச்சுத்தான் பிரிக்க முடியும். ஃபைப்ரோனெக்டின் தட்டுல ஒட்டற அசே ஒண்ணு கட்டாயம் சேருங்க, செலவும் குறைவு, கதையில பாதி அங்கதான் இருக்கு.

டிஎச்பி-1ல மெனின் தடுப்பான் போடறதா இருந்தா பல நாள் எடுக்கும், அதுக்குள்ள செல் முதிர்ச்சி பக்கம் போக ஆரம்பிக்கும். மேல டாக்டர் சொன்ன அதே சிக்கல் தட்டுலயும் வரும், நகர்வு மாறினா அது ஃப்யூஷன் அணைஞ்சதாலயா, மோனோசைட்டா முதிர்ந்ததாலயான்னு கேள்வி வரும். முதிர்ச்சியை காட்டற சிடி11பி, சிடி14 ரெண்டையும் கூடவே அளந்து வச்சாதான் பதில் சொல்ல முடியும்.

யாராச்சும் எலி வேலை வரைக்கும் கொண்டு போனா ஒண்ணு மனசுல வைங்க. கல்லீரலை எடுத்து அரைச்சு ஃப்ளோ சைட்டோமெட்ரில போட்டு இத்தனை சதவீதம் லுக்கீமியா செல்னு சொன்னா அதுல எவ்வளவு ரத்தக்குழாய்க்குள்ளயே இருந்ததுன்னு தெரியாது. ரத்தத்துல எண்ணிக்கை எக்கச்சக்கமா இருக்கற எலியில எல்லா உறுப்பும் ஊடுருவின மாதிரிதான் தெரியும். உறுப்பு எடுக்கறதுக்கு முன்னாடி பெர்ஃப்யூஸ் பண்ணுங்க (குழாய்க்குள்ள இருக்கற ரத்தத்தை திரவம் விட்டு கழுவிடறது), இல்லன்னா கடைசி சில நிமிஷத்துல நரம்பு வழியா சிடி45 ஆன்டிபாடி ஏத்தி குழாய்க்குள்ள இருக்கறதை சாயம் போட்டுடுங்க, சாயம் ஏறாததுதான் நிஜமா வெளிய போனது. இது இல்லாத தரவை நான் ஊடுருவல்னு ஏத்துக்கறதில்லை.

பதில் 6: ஆக்டின்இழை

பைப்பெட் சொன்னதை அப்படியே பின்பற்றுங்க. ஒரு எடத்துல மட்டும் எனக்கு கருத்து வேற. ரெண்டு ஃப்யூஷனை ஒப்பிடறதே தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒரே பெற்றோர் செல்லுல ரெண்டையும் தனித்தனியா இண்ட்யூசிபிளா ஏத்திட்டு ஒப்பிட்டா அது நல்ல சோதனை, ஏன்னா எல்லா ஃப்யூஷனும் ஒரே திசையில தள்ளறதில்லை. அந்த அம்மா கேட்ட ஈடிவி6-ரன்எக்ஸ்1ஐயே எடுங்க. முன் பி-செல்லுல அதை ஏத்தி பாத்தப்ப சைட்டோஸ்கெலிட்டனை நடத்தற ஜீன்கள் கலைஞ்சு, சிஎக்ஸ்சிஎல்12ஐ நோக்கி போற நகர்வு குறைஞ்சுதுன்னு 2014ல வந்த வேலை ஒண்ணு இருக்கு. கூடலை, குறைஞ்சுது. மஜ்ஜையோட அழைப்புக்கு செவி சாய்க்காத செல்லுங்கற வகையில பிசிஆர்-ஏபிஎல்லோட இதுக்கு ஒரு ஒற்றுமை இருக்கு, ஆனா வேகத்துல ரெண்டும் எதிரெதிர்.

இன்னொண்ணு ஸ்லைடுல சேர்க்கலாம். ஏஎல்எல் செல் மூளை உறைக்குள்ள போறதுக்கு ரத்த-மூளை தடுப்பை உடைக்கணும்னு எல்லாரும் நினைச்சுட்டு இருந்தப்ப, 2018ல நேச்சர்ல வந்த பேப்பர் வேற வழியை காட்டுச்சு. முதுகெலும்பு, மண்டையோடு ரெண்டுலயும் இருக்கற மஜ்ஜையில இருந்து மூளை உறைக்கு எலும்பை துளைச்சுட்டு நேரா போற சின்ன ரத்தக்குழாய்கள் இருக்கு, அதோட வெளிச்சுவர்ல லாமினின் இருக்கு, ஏஎல்எல் செல் ஆல்ஃபா6 இன்டெக்ரினால அந்த லாமினினை பிடிச்சு பிடிச்சு குழாயோட வெளிப்பக்கமா ஊர்ந்தே போயிடுது, ரத்தத்துக்குள்ள எறங்கவே இல்லை. பிஐ3கே-டெல்டா தடுப்பான் குடுத்த எலிகள்ல ஆல்ஃபா6 குறைஞ்சு அங்க சேர்ற செல்லும் குறைஞ்சுது. உங்க அசேல ஃபைப்ரோனெக்டினோட லாமினினும் ஒரு தட்டு வச்சிடுங்க, டி(1;19) உள்ள 697 லைனையும் ஈடிவி6-ரன்எக்ஸ்1 உள்ள ஆர்ஈஎச் லைனையும் அதுல தனித்தனியா ஃப்யூஷனை குறைச்சு பாக்கலாம், உடைஞ்சு சேர்ற எடத்துக்கு குறுக்க எஸ்ஐஆர்என்ஏ (ஜீனை அடக்கற குட்டி ஆர்என்ஏ) வடிவமைச்சா இயல்பான ஜீன் தப்பிச்சுக்கும். அப்பவும் ஆல்ஃபா6 அளவை முதல்லயே ஃப்ளோல பாத்துக்கோங்க, மேற்பரப்புலயே அது இல்லாத செல்லை லாமினின்ல போட்டு நேரத்தை விட வேண்டாம்.